கார் நிற்கும் இடமா, பஸ் நிற்கும் இடமா: நெல்லையில் அலுவலகம் எங்கே வைப்பது?

திருநெல்வேலியில் பதினைந்து, இருபது பேரை வைத்து அலுவலகம் நடத்துகிறவர்கள் பலர் இப்போது ஒரே யோசனையில் இருக்கிறார்கள். ரயில் நிலையப் பக்கமுள்ள ஜங்ஷனிலோ நெல்லையப்பர் கோயில் பக்கமுள்ள டவுனிலோ இருக்கும் பழைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டுப் பெருமாள்புரம் பக்கம் போகலாமா, புறவழிச்சாலைப் பக்கம் போகலாமா என்று. ஆடிட்டர் அலுவலகம், இன்சூரன்ஸ் ஏஜென்சி, வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர்கள், வெளியூர்க் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் சிறு நிறுவனம் என எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். வண்டி நிறுத்த இடமில்லை. வாடிக்கையாளர் படியேறி வந்து மூச்சு வாங்கும்போதே கேட்டுவிடுகிறார்: "அண்ணாச்சி, காரை எங்கன விட?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்பவர் காரில் வந்தவர். முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர் சிரமம் வேறு, அதை அவர் சொல்வதும் இல்லை. அலுவலகத்துக்குள்ளேயும் இதே கதை. முடிவெடுக்கிறவர் காரில் வருகிறார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். காருக்கு இடம் தேடி அலுவலகத்தை நகர்த்தும்போது அவர்களுடைய ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகிறது. ஆறு மாதம் கழித்து நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள், முதலாளிக்குக் காரணம் புரிவதில்லை.

அதனால் இந்த ஒப்பீட்டை நான் ஒரே அளவுகோலை வைத்துச் செய்யப் போகிறேன். அந்த அலுவலகத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் காலையில் எப்படி வந்து சேர்வார், மாலையில் எப்படி வீடு திரும்புவார்? வாடகை, பார்க்கிங், கட்டடத்தின் தோற்றம் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் இடக் கணக்கு

தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று அளவு இருக்கிறது. 12.5 சதுர மீட்டர், ஏறக்குறைய 135 சதுர அடி. கார் உள்ளே வரவும் திரும்பவும் வழி விட வேண்டும் அல்லவா? அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு 270 சதுர அடி போய்விடும். மறுபக்கம், தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகத்தில் ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கிறது. அதாவது 108 சதுர அடி. ஆக, ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு ஆகிற இடத்தைப் போல இரண்டரை மடங்கு இடம் அவர் கார் சும்மா நிற்பதற்கு ஆகிறது. அதுவும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை.

டூவீலர் கணக்கு வேறு. ஒன்றுக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும். ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஆறு வண்டி நிற்கும்.

இருபது பேர் அலுவலகம் ஒன்றை வைத்துக்கொள்வோம். நான்கு பேர் காரில், எட்டுப் பேர் டூவீலரில், எட்டுப் பேர் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறார்கள். இருபது பேருக்கும் அலுவலகம் 2,160 சதுர அடி. நான்கு காருக்கு மட்டும் 1,080 சதுர அடி, அலுவலகத்தில் சரிபாதி. புறவழிச்சாலையில் "பார்க்கிங் இலவசம்" என்று போர்டு வைத்துக் கட்டடம் வாடகைக்கு வருகிறதே, அந்த இலவசத்துக்கான காசு வாடகையில்தான் இருக்கிறது. மனைக்காரர் அந்த நிலத்தையும் சேர்த்துத்தானே வாங்கினார்? நான்கு பேர் காருக்கான அந்தச் செலவை நிறுவனம் முழுவதும் சுமக்கிறது. பஸ்ஸில் வரும் எட்டுப் பேருக்கு அதில் ஒரு பைசா பயன் இல்லை.

கலிபோர்னியாவில் இதற்கு 1992-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். ஊழியருக்காக நிறுவனம் வெளியில் பார்க்கிங் இடம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தால், "எனக்கு அந்த இடம் வேண்டாம்" என்கிற ஊழியருக்கு அதற்கு ஈடான பணத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கான விதிதான் அது. ஆனால் அதன் நியாயம் இருபது பேர் அலுவலகத்துக்கும் அப்படியே பொருந்தும். சட்டம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இடம் மாறாமல் மிச்சமாகிற வாடகையில் ஒரு பங்கை, வண்டி கொண்டுவராதவர்களுக்கு மாதப் பயணப்படியாகக் கொடுத்துவிடலாம். காரில் வருகிறவர் கட்டணம் கொடுத்து வெளியே நிறுத்திக்கொள்ளட்டும்.

ஜங்ஷனும் டவுனும்

இந்த ஊரில் ஜங்ஷனுக்கு இருக்கிற பலம் வேறு எந்தப் பகுதிக்கும் இல்லை. தண்டவாளம் நான்கு திசைக்கும் போகிறது. மேற்கே சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு. கிழக்கே ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வழியாகத் திருச்செந்தூருக்கு. தெற்கே நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி நாகர்கோவிலுக்கு. வடக்கே மணியாச்சி வழியாக மதுரைக்கு. அம்பையிலிருந்து சீசன் டிக்கெட் எடுத்தால் மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் வேலைக்கு வந்து போகலாம். அதே ஆள் டூவீலரில் தினமும் போகவர 70 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கே மாதம் நான்காயிரத்தை எட்டிப்பிடிக்கும். மழை, வெயில், விபத்து பயம் தனி. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் அலுவலகம் வைத்திருப்பவர், விளம்பரம் கொடுக்கும்போது மாவட்டத்தின் பாதிப் பகுதியிலிருந்து ஆள் தேட முடியும். பெருமாள்புரத்தில் இருப்பவருக்கு அந்த வசதி குறைவு.

பெண்களைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் தெளிவு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என எந்தப் பக்கமிருந்தும் ஜங்ஷனுக்கு டவுன் பஸ் உண்டு. ஒன்பதாயிரம், பத்தாயிரம் சம்பளத்தில் வேலைக்குச் சேர்கிற பெண்ணுக்கு, பயணச் செலவு முழுவதும் மிச்சமாவது சம்பள உயர்வு மாதிரிதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தச் சலுகை டவுன் பஸ்ஸுக்குத்தான், வெளியூர் போகும் மப்சல் வண்டியில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இடம் பார்க்கும்போது அந்த வழியாகப் போவது எந்த பஸ் என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சிறியவை இல்லை. ஜங்ஷன் பெரியார் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்காக 2018-இல் மூடி இடித்தார்கள். மறுபடி பஸ் உள்ளே வந்தது 2024-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பஸ்கள் ரோட்டோரங்களுக்குச் சிதறின, எது எங்கே நிற்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. சுற்றியிருந்த கடைகளில் வியாபாரம் எப்படிப் படுத்தது என்பதை அங்கே எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். பஸ்ஸை நம்பி அலுவலகம் வைப்பவருக்கு இது ஒரு எச்சரிக்கை. ஆனால் அதே நிகழ்ச்சி இன்னொன்றையும் காட்டுகிறது. ஜங்ஷன் பகுதியைப் பிழைக்க வைப்பது பஸ் ஸ்டாண்ட்தான். கார்கள் முன்பு போலவே வந்துகொண்டுதான் இருந்தன, பஸ் போனதும் தெரு வாடிவிட்டது. நகர மையத்துக்கு எது உயிர் என்பதில் சந்தேகம் உள்ளவர்கள் அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் சுற்றுவட்டாரம், அக்கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று தண்ணீர் புகுந்தது. கலெக்டர் ஆபீஸையும் தண்ணீர் சூழ்ந்தது. அதனால் இந்தப் பகுதியில் தரைத்தளத்தில் அலுவலகம் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடித்தளத்தில் கார் பார்க்கிங் இருக்கிறது என்று ஆசை காட்டும் கட்டடம் இன்னும் ஆபத்து. கம்ப்யூட்டரையும் ஃபைலையும் மாடிக்குத் தூக்கிவிடலாம், நான்கு காரை எங்கே தூக்குவது? கட்டடம் பார்க்கப் போகும்போது பக்கத்து டீக்கடையில், அந்த டிசம்பரில் தண்ணீர் எந்த மட்டம் வரைக்கும் வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அதற்கு மேலே முதல் மாடி என்றால் தைரியமாக எடுக்கலாம்.

பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்காது, படி குறுகலாக இருக்கும். வயதான வாடிக்கையாளர் வருகிற தொழில் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டவுனுக்குள் ரத வீதிகளில் அலுவலகம் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ஆனித் தேர்த் திருவிழாச் சமயத்தில் அந்த வீதிகள் தேருக்கும் மக்களுக்கும் உரியவை, வண்டி எதுவும் நகராது. அந்த நாட்களில் வீட்டிலிருந்தே வேலை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அது பெரிய தொல்லை இல்லை. என் பார்வையில் ரத வீதியைவிட, டவுன் நுழைவாயிலான ஆர்ச்சுக்கும் ஈரடுக்கு மேம்பாலத்துக்கும் நடுவில் நெல்லையப்பர் நெடுஞ்சாலையை ஒட்டிய குறுக்குத் தெருக்கள் அலுவலகத்துக்கு நல்லவை. மாநகராட்சி அலுவலகமும் அந்தச் சாலையில்தான். டவுன் பஸ்ஸும் ஓயாது.

பாளை

பாளையங்கோட்டைப் பக்கத்தில் முருகன்குறிச்சியிலிருந்து பாளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் உள்ள பகுதியை, ஜங்ஷனுக்கு அடுத்தபடியாகச் சொல்வேன். சில தொழில்களுக்கு அதுவே முதலிடம். நீதிமன்றம் பாளையில், கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஹைகிரவுண்டில். வக்கீல், பத்திரப்பதிவு, அரசு டெண்டர், மருத்துவச் சாமான் சம்பந்தப்பட்டவர்கள் ஜங்ஷனில் உட்கார்ந்து தினமும் ஆற்றைத் தாண்டுவது வீண் அலைச்சல்.

ஆற்றின் ஒரு கரையில் அலுவலகங்கள், மறுகரையில் கடைத்தெரு என்பது இந்த ஊருக்குப் புதிய பிரச்சினை இல்லை. ஓடத்தையும் ஆற்றில் இறங்கிக் கடப்பதையும் நம்பியிருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. இன்றைக்கும் ஜங்ஷனையும் கொக்கிரகுளத்தையும் இணைப்பது அந்தப் பாலம்தான். அப்போது அலுவலகத்தையும் இடம் மாற்றவில்லை, கடைத்தெருவையும் இடம் மாற்றவில்லை. இருந்த இடங்களுக்கு நடுவில் வழியைச் சீர்செய்தார்கள். நகரத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் இன்றும் அந்த முறையையே முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாளையின் இன்னொரு நன்மை வீடுகள். தியாகராஜ நகர், மகாராஜ நகர், சாந்தி நகர், சமாதானபுரம் என்று குடியிருப்பு எல்லாம் கூப்பிடு தூரம். சைக்கிளிலும் நடந்தும் வர முடிகிற ஊழியர்கள் கிடைப்பார்கள். குறை என்னவென்றால் ரயிலில் வருகிறவர் ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பாளையில் பள்ளியும் கல்லூரியும் நிறைய. காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அலுவலக நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளினால் இதில் பாதி தீரும். செலவே இல்லாத தீர்வு, ஆனால் ஏனோ யாரும் செய்வதில்லை.

வண்ணார்பேட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய ஜவுளிக்கடைகளும் மருத்துவமனைகளும் அங்கே குவிந்துவிட்டன. செல்லப்பாண்டியன் சிலை ரவுண்டானாவைச் சுற்றி மாலை நேரத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அதுவும் இல்லை. வாடகையும் கடைகளுக்கான வாடகை. தெருவில் போகிறவர் பார்த்து உள்ளே வருகிற தொழில் என்றால் அங்கே போகலாம். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அந்த வாடகை தண்டம்.

பெருமாள்புரமும் புறவழிச்சாலையும்

பலரும் ஆசைப்படுகிற இடம் இதுதான். புதுக் கட்டடம், லிப்ட், ஜெனரேட்டர், முன்னால் சிமென்ட் தளம் போட்ட பார்க்கிங். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் என்பதால் வெளியூர் பஸ் வசதியும் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்தோ மதுரையிலிருந்தோ காரில் வருகிற வாடிக்கையாளர் ஊருக்குள் நுழையாமலே வேலையை முடித்துக்கொண்டு போகலாம். இது உண்மையான நன்மை, குறைத்துச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு வருகிற வாடிக்கையாளரில் பெரும்பகுதி வெளியூர்க் கார்க்காரர்கள் என்றால், மொத்த விற்பனை ஏஜென்சி மாதிரி, அங்கே போவதே சரி.

மற்றவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஊழியர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீடு எங்கே, எத்தனை வண்டி மாற வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். பேட்டையில் இருக்கிற பெண் ஜங்ஷன் வரை ஒரு டவுன் பஸ், அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு இன்னொரு பஸ், அப்புறம் புறவழிச்சாலையில் உள்ள கட்டடத்துக்கு ஷேர் ஆட்டோ. ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு இருபது ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 25 நாளைக்கு ஆயிரம் ரூபாய். பணத்தைவிட நேரம் கொடுமை. ஆறு மணிக்கு விடும் அலுவலகத்திலிருந்து வீடு சேர எட்டு மணி என்றால், கைக்குழந்தை உள்ளவர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்?

இதனால் நடப்பது என்ன? பஸ்ஸில் வந்தவர்களில் முடிந்தவர்கள் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். முடியாதவர்கள் வேலையை விடுகிறார்கள். நான்கு கார், எட்டு டூவீலர் இருந்த அலுவலகத்தில் இரண்டு வருடத்தில் ஐந்து கார், பதின்மூன்று டூவீலர் ஆகிவிடும். பார்க்கிங் பிரச்சினையைத் தீர்க்கப் போன இடத்தில் பார்க்கிங் தேவையே கூடிவிடுகிறது. அங்கே இன்றைக்கு இடம் தாராளமாகத் தெரிவதற்குக் காரணம் இன்னும் கூட்டம் சேரவில்லை என்பதுதான். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சாலையும் வண்ணார்பேட்டைதான்.

அப்படியும் போவதென்றால் கட்டடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை மாலை ஏழு மணிக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா, வேகமாக வரும் லாரிக்கு நடுவே ரோட்டைக் கடக்க வழி இருக்கிறதா. பகல் பதினோரு மணிக்குக் கட்டட உரிமையாளரின் காரில் போய்ப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

கங்கைகொண்டான்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஊருக்கு வடக்கே சிப்காட் தொழிற்பேட்டையும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கின்றன. டாடா பவர் சோலார் தொழிற்சாலை வந்த பிறகு அந்தப் பக்கம் நடமாட்டம் கூடியிருக்கிறது. நூற்றுக்கணக்கான பேரை வைத்து, சொந்தமாக பஸ் விடுகிற நிறுவனத்துக்கு அது பொருத்தம். இருபது பேர் அலுவலகம் அங்கே போனால் மதியம் ஒரு காபி குடிக்கவும் ஒரு பேங்க் வேலைக்கும் ஊருக்குள் வர வேண்டும்.

பிரித்து வைப்பது

நான் மிகவும் நம்புகிற வழி இது. இதைத்தான் குறைவான பேர் யோசிக்கிறார்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் தொடங்கியது. மென்பொருள் வேலையைக் கிராமத்தில் வைத்துச் செய்ய முடியுமா என்று அப்போது கேட்டவர்கள் இப்போது கேட்பதில்லை. அவர்களுடைய பணபலம் நம்மிடம் இல்லை என்பது சரிதான். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் பணத்தைப் பற்றியது இல்லை. ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கே மேஜையைக் கொண்டுபோய்ப் போடலாம். 2020 ஊரடங்குக்குப் பிறகு நம் ஊர்ச் சின்ன அலுவலகங்களுக்கும் இது பழகிவிட்டது.

இருபது பேரில் எட்டுப் பேர் தென்காசி, கடையம், அம்பைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்தில் 800 அல்லது 900 சதுர அடியில் ஒரு இடம். நெல்லை ஜங்ஷனிலோ பாளையிலோ 1,300 சதுர அடியில் ஒரு இடம். இரண்டு வாடகை, இரண்டு இன்டர்நெட் இணைப்பு, இரண்டு அட்வான்ஸ் என்று தொடக்கத்தில் செலவு கூடும். அம்பையில் வாடகை நெல்லையைவிடக் குறைவு என்பதால் மாதச் செலவு ஏறக்குறைய சமமாகிவிடும். எட்டுப் பேருடைய தினப் பயணம் மிச்சம். நெல்லை அலுவலகத்துக்கு வாசலில் நிற்கும் வண்டியும் குறையும். வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் நெல்லையில் கூடலாம், ரயில் இருக்கிறது.

சிரமம் மேற்பார்வையில்தான். அம்பையில் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு முடிவெடுக்கிற அதிகாரமும் கொடுக்க வேண்டும். எல்லாக் காசோலையிலும் தானே கையெழுத்துப் போட வேண்டும் என்கிற முதலாளிக்கு இது ஒத்துவராது. புதிதாக வேலை கற்றுக்கொள்கிற பிள்ளைகளையும் தனியே கிளையில் விடக் கூடாது. முதல் ஆறு மாதம் அனுபவசாலிகளோடு நெல்லையில் உட்கார வேண்டும். பக்கத்து மேஜையைப் பார்த்துப் பழகுவதற்கு இணையாக எதுவும் இல்லை.

சிறிய நகரங்களின் மையப்பகுதி அலுவலகம் இந்த வடிவத்துக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். அளவில் சிறுக்கும், ஆனால் ஒழியாது. பத்திரத்தில் கையெழுத்துப் போட, சண்டையைப் பேசித் தீர்க்க, புது ஆளைப் பார்த்துப் பேச, அப்பா காலத்து வாடிக்கையாளருக்கு ஒரு நாற்காலி போட ஒரு இடம் வேண்டும். அந்த இடம் எல்லோராலும் வந்து சேர முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது

இடம் மாறாமல் இருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வணிகர் சங்கங்கள் வழக்கமாக வைக்கிற கோரிக்கை பல அடுக்குப் பார்க்கிங். அதைவிட நல்லவை உண்டு. மேலே போட்ட கணக்குப்படி 100 கார் நிற்கிற கட்டடத்துக்கு 27,000 சதுர அடி தளம் வேண்டும். அதே தளத்தில் 250 பேர் வேலை பார்க்கலாம். அப்படியே கட்டினாலும், வெளியே தெருவில் சும்மா நிறுத்த முடிகிற வரைக்கும் காசு கொடுத்து நான்காம் மாடிக்கு யார் ஏற்றுவார்?

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுவதும் சொன்னது இதைத்தான். தெருவோர நிறுத்தத்துக்கு, ஒவ்வொரு தெருவிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் வையுங்கள், அந்தப் பணத்தை அதே தெருவுக்குச் செலவிடுங்கள் என்றார். கலிபோர்னியாவில் பசடேனா நகரின் பழைய கடைத்தெரு நலிந்து கிடந்தபோது 1993-இல் அங்கே பார்க்கிங் கட்டண மீட்டர் வைத்தார்கள். வருமானம் அந்தத் தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரங்களுக்கும் போனது, கடைகள் மீண்டன. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் கட்டடத்துக்குக் கட்டாயமாக இத்தனை பார்க்கிங் என்கிற விதியையே எடுத்துவிட்டது. நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நிலத்தின் மதிப்பை ஒட்டிப் பார்க்கிங் கட்டணம் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. செய்யத்தான் ஆள் வேண்டும்.

நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் காருக்கு மணிக்கணக்கில் கட்டணம், டூவீலருக்கு நிழலோடு கூடிய ஸ்டாண்ட், அந்தக் காசில் ஜங்ஷனிலிருந்து ஆர்ச் வரை உடையாத நடைபாதை, இரவு ஒன்பதரை வரை குறையாத டவுன் பஸ். அலுவலகக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து கேட்க வேண்டியது இவ்வளவுதான். பார்க்கிங் கட்டடத்தைவிட இதற்குச் செலவு குறைவு.

என் முடிவு

வெளியூர் வாடிக்கையாளர் அதிகம் இல்லாத, நாற்பது பேருக்குள் உள்ள அலுவலகம் என்றால் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், முதல் மாடியில் இருங்கள். நீதிமன்றமும் கலெக்டர் ஆபீஸும் தொழிலோடு ஒட்டியவை என்றால் முருகன்குறிச்சி. மேற்குப் பக்க ஊழியர் ஐந்தாறு பேருக்கு மேல் இருந்தால் அம்பையிலோ தென்காசியிலோ கிளை. காருக்காக மட்டும் புறவழிச்சாலைக்குப் போக வேண்டாம்.

இரவு ஷிப்ட் உள்ள நிறுவனத்துக்கு மட்டும் இந்த முடிவு மாறும். பத்துப் பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழ்நாடு அரசு 2019-இல் அனுமதித்தபோது, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்ப்பதற்கு எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும், ஷிப்டில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு என்று நிபந்தனை வைத்தது. அந்த நேரத்தில் டவுன் பஸ்ஸை நம்ப முடியாது, எப்படியும் வேன் விட்டே ஆக வேண்டும். வேன் ஓடுகிறது என்றால் அலுவலகம் ஜங்ஷனில் இருந்தாலும் பெருமாள்புரத்தில் இருந்தாலும் ஊழியருக்கு ஒன்றுதான். அப்போது வாடகை குறைவான இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வேன் செலவை மட்டும் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கணக்கில் எழுதிவிடுங்கள். வேனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், நடு இரவில் ஊழியர்தான் ஆட்டோ தேடி நிற்க வேண்டியிருக்கும்.